கம்ப்யூட்டர் அறையைத் திறந்து விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பாடம் நடத்துவதில் குறை சொல்ல மாட்டேன், கணக்கு ஆசிரியர் புரியாத பிள்ளைகளை மாலையில் உட்கார வைத்து மறுபடியும் சொல்லிக் கொடுக்கிறார், அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் கம்ப்யூட்டர் பாடம்? பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை, நோட்டில் பேனாவால் எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சையில் அப்படியே கொட்டுகிறார்கள். கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தித் தூங்குகின்றன. கேட்டால் 'பிள்ளைகள் கெடுத்துவிடுவார்கள்' என்று பதில்.

போன வாரம் என் பழைய லேப்டாப்பில் அவளே ஒரு நிரலைத் தட்டிப் பார்த்தாள். நிபந்தனை சொல்லும் 'இஃப்' வரியின் கடைசியில் முக்காற்புள்ளி (:) விட்டுப்போய்விட்டது, அரைமணி நேரம் தேடி அதைக் கண்டுபிடித்தபோது அவள் போட்ட கூச்சல் இருக்கிறதே! நோட்டில் என்றால் சிவப்பு மையில் ஒரு சுழி, அரை மார்க் போகும், அவ்வளவுதான்.

பெரிய செலவும் இல்லை. 1991-இல் வெளிவந்த பைதானும் இலவசம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட, கட்டைகளை அடுக்குவதுபோல் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சும் இலவசம். 2012-இல் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்றே செய்த, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர். அதில் ஒரு எல்இடி விளக்கை மினுக்கிப் பார்த்த பிள்ளை அப்புறம் சும்மா இருக்குமா?

இப்போதைக்கு, வாரம் இரண்டு நாள் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் அந்த அறை திறந்திருக்கட்டும். பொறுப்புக்கு மூத்த மாணவர்களே போதும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை