பேச்சும் எங்கள் வேலைதான்: திருப்பூர் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்றுமதிக் கம்பெனி நடத்தும் முதலாளிகளுக்கும் ஜி.எம்.களுக்கும் வணக்கம்.

2009-இல் மெர்ச்சண்டைசராக, அதாவது ஒரு ஆர்டரை ஆரம்பம் முதல் ஷிப்மென்ட் வரை பின்தொடர்ந்து முடித்துக் கொடுக்கும் ஆளாக, வேலைக்குச் சேர்ந்தவள் நான். புதிதாக யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், 'சீட்டில் உட்காருவதில்லை, எந்நேரமும் போனில் பேச்சு' என்று எழுதி அந்த வருட இன்கிரிமென்ட்டைக் குறைத்தார்கள். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நம் ஊரில் ஒரு டி-சர்ட் எத்தனை வாசல் ஏறி இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். நூல் வாங்கி, நிட்டிங் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில், துணி பின்னால் சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங் இன்னோரிடத்தில், கட்டிங் முடிந்து பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று ஜாப் ஒர்க்குக்குப் போய்த் திரும்பி, அப்புறம்தான் தைக்கிற பவர் டேபிளுக்கே வருகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மாஸ்டர், ஒரு சூப்பர்வைசர். இவர்களில் பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை.

அந்தக் கம்பெனியில்தான் ஒருமுறை, கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி பாடித் துணியோடு ஒரே லாட்டில் போகாமல் தனியாகச் சாயத்துக்குப் போய்விட்டது. வந்து பார்த்தால் நீலத்தில் இரண்டு ஷேடு, ஷிப்மென்ட்டுக்கு ஆறே நாள். புதிதாக ரிப் பின்னி மறுபடி சாயம் போட வேண்டும். ரிப் மெஷின் யாரிடம் சும்மா நிற்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முந்தின வாரம்தான் அந்த நிட்டிங் அண்ணனிடம் அவர் அம்மாவின் ஆபரேஷன் பற்றி விசாரித்திருந்தேன். சாயப்பட்டறை மாஸ்டர் ராத்திரி பத்தரைக்குப் போனை எடுத்தார், இரண்டு பேட்ச்சுக்கு நடுவில் 50 கிலோ சின்ன மெஷினில் போட்டுத் தருகிறேன் என்றார். சரக்கு சொன்ன தேதியில் போனது. காரியத்துக்காக அவர்களிடம் பழகவில்லை, பழகியிருந்ததால் காரியம் நடந்தது.

2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். எந்த வெளியூரில் யார் சாயம் போட்டுத் தருவார்கள் என்பதை நாங்கள் ஆளுக்கு ஆள் போன் போட்டுத்தான் தேடினோம். அது எந்த சாஃப்ட்வேரிலும் இல்லை.

எல்லோரும் என்னைப்போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்து சீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார், ஆனால் காஸ்டிங், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் செலவுக் கணக்கு, போட்டால் பைசா பிசகாது. அவரை யூனிட் யூனிட்டாக அலைய விடாதீர்கள், என்னை நாள் முழுக்க எக்செல் முன்னால் உட்கார வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது யூனிட்டுகளுக்குப் போய்வர நேரம் கொடுங்கள், பெட்ரோல் காசும் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரும் போனையும் வேலையாக எண்ணுங்கள். ஊரில் யாருக்கு மனத்தாங்கல் என்றாலும் காதுகொடுத்துக் கேட்பது எங்களுக்கும் களைப்புதான்.

அப்புறம் ஒன்று. அடுத்த முறை எங்களுக்கு இன்கிரிமென்ட் போடும் முன், நாங்கள் எத்தனை மணி நேரம் சீட்டில் இருந்தோம் என்று பார்ப்பதோடு, உங்கள் சாயப்பட்டறை மாஸ்டருக்கும் செக்கிங் அக்காவுக்கும் ஒரு போன் போட்டு எங்களைப் பற்றிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மெர்ச்சண்டைசர்