அடுத்த தலைவரை பாலஸ்தீனர்கள் தேர்ந்தெடுக்கட்டும்

நவம்பர் 9, 2004

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாரிஸை ஒட்டிய கிளமார் நகரில், பெர்சி ராணுவ மருத்துவமனையில் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராஃபத் நினைவில்லாமல் கிடக்கிறார். போன வியாழக்கிழமை லக்ஸம்பர்க் பிரதமர் அவர் இறந்தே போய்விட்டார் என்று சொல்ல, மருத்துவமனை அவசரமாக மறுக்க வேண்டியிருந்தது. ஜெருசலேமில் அவரைப் புதைக்க விடமாட்டோம் என்று இஸ்ரேல் அரசு அறிவித்துவிட்டது. ஒரு மனிதனின் மூச்சு நிற்பதற்குள் குழிக்கு இடம் பேசுகிறார்கள். நேற்று அவர் மனைவி சுஹா அல் ஜஸீராவுக்குத் தொலைபேசியில் பேசி, பாலஸ்தீன நிர்வாகம் இயங்கும் ராமல்லாவிலிருந்து வருகிறவர்கள் தன் கணவரை உயிரோடு புதைக்கப் பார்க்கிறார்கள் என்று கதறியிருக்கிறார். பாலஸ்தீனப் பிரதமர் அகமது குரெயும் முன்னாள் பிரதமர் மஹ்மூத் அப்பாஸும் மற்றவர்களும் பாரிஸ் போய்ச் சேர்ந்திருக்கும் நேரத்தில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தங்கள் இதழிலும் மற்ற நாளிதழ்களிலும் அடுத்த தலைவர் யார் என்று நிறைய எழுதப்படுகிறது. அப்பாஸ் வந்தால் வாஷிங்டனுக்குப் பிடிக்கும், காஸாவின் முன்னாள் பாதுகாப்புத் தலைவர் முகமது தஹ்லானை இஸ்ரேல் ஏற்கும், துனீஸில் இருக்கும் மூத்த தலைவர் ஃபரூக் கதூமி 1993-ல் இஸ்ரேலோடு செய்த ஒஸ்லோ ஒப்பந்தத்தையே ஏற்காதவர் என்றெல்லாம் அலசுகிறார்கள். யார் யாருக்கு வேண்டியவர் என்ற கணக்காகவே எல்லாம் போகிறது. பாலஸ்தீனர்களுக்கு யார் வேண்டும் என்ற கேள்வியைத்தான் எங்கும் பார்க்க முடியவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அராஃபத் ஒரு பதவியில் இல்லை, மூன்று பதவிகளில் இருக்கிறார். 1969 முதல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர். அதற்குள் பெரிய அமைப்பான ஃபத்தாவுக்கும் அவரே தலைவர். 1996 ஜனவரித் தேர்தலில் ஜெயித்து மேற்குக் கரை, காஸா பகுதிகளின் சுயாட்சி அமைப்பான பாலஸ்தீன நிர்வாகத்தின் அதிபரும் ஆனார். மூன்றையும் ஒரே கையில் வைத்திருந்தார், யாரையும் வாரிசாக வளர்க்கவில்லை. கடந்த ஆண்டு அப்பாஸ் பிரதமரானபோது பாதுகாப்புப் படைகளை அவரிடம் முழுதாக ஒப்படைக்க மறுத்தார். நான்கு மாதம் கடந்த சிறிது நாளில் அப்பாஸ் விலகிவிட்டார். இந்த ஜூலையில் காஸாவில் போலீஸ் தலைவரையே ஆயுதக் குழுவினர் கடத்திப் போனார்கள். அப்போதும் தன் உறவினர் மூசா அராஃபத்தைப் பாதுகாப்புப் பொறுப்பில் உட்கார வைத்து, மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் பின்வாங்கினார். ஃபத்தாவின் கடைசிப் பொது மாநாடு நடந்தது 1989-ல். அதற்குப் பின் வளர்ந்த, இஸ்ரேல் ஆக்கிரமிப்புக்கு எதிரான முதல் இன்டிஃபாதா எழுச்சியில் கல்லெடுத்து நின்ற தலைமுறைக்கு இயக்கத்தின் மேல்மட்டத்தில் சரியான இடம் கிடைக்கவேயில்லை. அவரை மதிக்கிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். 1982-ல் இஸ்ரேல் நடத்திய பெய்ரூத் முற்றுகையையும் ராமல்லாவில் தன் அலுவலக வளாகமான முகாத்தாவில் மூன்று ஆண்டு அடைபட்டுக் கிடந்ததையும் தாங்கிய மனிதரின் உறுதியை இந்தக் குறைகள் அழித்துவிடாது. ஆனால் இன்றைய குழப்பத்தில் அவர் பங்கும் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு வழி இருக்கிறது. பாலஸ்தீன அடிப்படைச் சட்டத்தின்படி அதிபர் பதவி காலியானால் சட்டமன்ற அவைத்தலைவர் தற்காலிக அதிபராக வேண்டும், 60 நாளுக்குள் தேர்தல் நடக்க வேண்டும். இப்போதைய அவைத்தலைவர் ராவ்ஹி ஃபத்தூஹ் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வேலை 60 நாள் வீட்டைக் காத்து, சாவியை ஒப்படைப்பது. இந்தச் சட்டத்தைச் சட்டமன்றம் 1997-லேயே நிறைவேற்றிவிட்டது. அராஃபத் 2002 வரை கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கையெழுத்து விழாமலே போயிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு தலைவரைக் காட்டியிருக்கும்.

சரி, தேர்தல் நடக்குமா? செப்டம்பரில் வாக்காளர் பதிவு தொடங்கியபோது கிழக்கு ஜெருசலேமின் பதிவு மையங்களை இஸ்ரேல் மூடியது. 1996-ல் அங்குள்ள அரபு மக்கள் தபால் நிலையங்களில் வாக்களித்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு இஸ்ரேலே அன்று ஒப்புக்கொண்டது. இன்று மறுக்க என்ன நியாயம்? மேற்குக் கரையில் ஊருக்கு ஊர் சோதனைச் சாவடி. நாப்ளஸிலிருந்து ஒரு வேட்பாளர் ஹெப்ரோன் போய்ப் பேசிவிட்டு வருவது எப்படி? ஃபத்தாவின் இளைய தலைமுறை கொண்டாடும் மர்வான் பர்கூத்திக்கு இந்த ஜூனில் ஐந்து ஆயுள் தண்டனை விதித்திருக்கிறது இஸ்ரேல் நீதிமன்றம். இஸ்லாமிய ஆயுத இயக்கமான ஹமாஸின் நிறுவனர் ஷேக் அகமது யாசினையும் அவருக்குப் பின் வந்த ரன்டீசியையும் இந்த ஆண்டே ஏவுகணை வீசிக் கொன்றார்கள். ஹமாஸின் தற்கொலைத் தாக்குதல்களை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. பேருந்தில் போகும் குழந்தைகளைக் கொல்வது விடுதலைப் போர் ஆகாது. ஆனால் ஒரு சமூகத்தின் தலைவர்களில் சிலரைக் கொன்று, சிலரைச் சிறையில் போட்டு, ஒருவரை ஒரு கட்டடத்துக்குள் அடைத்து வைத்துவிட்டு, பேச்சுவார்த்தைக்கு ஆளே இல்லை என்று இஸ்ரேல் பிரதமர் ஏரியல் ஷரோன் சொல்வதை எப்படி ஏற்பது? காஸாவை விட்டு வெளியேறும் திட்டத்தை அக்டோபர் 26-ல் இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் அவர் நிறைவேற்றியதும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். எதிர்த்தரப்போடு பேசாமலே எல்லாவற்றையும் முடிவு செய்யலாம் என்கிறார். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் எதிரே வந்து நின்றால் அந்தப் பேச்சு எடுபடாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அதிபர் தேர்தலில் வாக்களிக்கப் போவது மேற்குக் கரை, காஸா, கிழக்கு ஜெருசலேம் மக்கள் மட்டும். லெபனான், சிரியா, ஜோர்டான் நாடுகளில் இருக்கும் அகதிகளுக்கு அதில் வாக்கு கிடையாது. ஐ.நா. நிவாரண அமைப்பில் பதிவு செய்த அகதிகள் மொத்தம் 40 லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி இந்த மூன்று நாடுகளில்தான் இருக்கிறார்கள். லெபனானில் பல தொழில்களைச் செய்யக்கூட அவர்களுக்கு அனுமதியில்லை. 1948 போரில் விட்டு வந்த வீட்டைப் பற்றி இவர்கள் சார்பில் பேசும் உரிமை விடுதலை இயக்கத்துக்குத்தான் உண்டு, நிர்வாகத்துக்கு இல்லை. அராஃபத் இரண்டுக்கும் தலைவராக இருந்ததால் இந்த இடைவெளி வெளியே தெரியவில்லை. இனி நிர்வாகத்துக்கு ஒருவர், இயக்கத்துக்கு ஒருவர், ஃபத்தாவுக்கு ஒருவர் என்று பிரிந்தால் முகாம்களில் இருப்பவர்களின் குரல் யாரிடம் போய்ச் சேரும்? ராமல்லாவில் ஓர் அதிபர் கிடைத்துவிட்டார் என்று உலகம் நிம்மதியாகி, இவர்களை மறந்துவிடுமோ என்பதுதான் என் பெரிய கவலை.

நம் நாட்டுக்கு இதில் பேச உரிமை இருக்கிறது. அரபு நாடுகளுக்கு வெளியே விடுதலை இயக்கத்தை முதலில் அங்கீகரித்தது இந்தியா. 1988-ல் பாலஸ்தீன அரசு அறிவிக்கப்பட்டபோதும் தயங்காமல் ஏற்றோம். இந்திரா காந்தியை உடன்பிறந்தவளாக நினைத்து அவர் இறுதிச் சடங்குக்கு ஓடி வந்தவர் அராஃபத். 1992-க்குப் பின் இஸ்ரேலோடும் முழு உறவு வைத்திருக்கிறோம். கடந்த ஆண்டு ஷரோனே டெல்லி வந்து போனார். அப்படியானால் டெல்லி இரங்கல் செய்தியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கிழக்கு ஜெருசலேம் தபால் நிலையங்களைத் தேர்தலுக்குத் திறந்துவிடு, பிரச்சார நாட்களில் சாவடிகளை விலக்கு என்று இஸ்ரேலிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். தேர்தல் நடத்தத் தெரிந்த அதிகாரிகள் நம்மிடம் ஏராளம். பாலஸ்தீனர்கள் விரும்பினால் பார்வையாளர்களாக அனுப்பலாம்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். அப்பாஸா குரெயா என்ற கட்டுரைகள் போதும். லெபனானின் ஷதீலா முகாமிலும் காஸாவின் ஜபாலியா முகாமிலும் இருக்கிறவர்கள் இந்த நாட்களில் என்ன நினைக்கிறார்கள், யாரை நம்புகிறார்கள், யாரை நம்பவில்லை என்று விசாரித்து வெளியிடுங்கள். வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அனுப்புவதில் இல்லையென்றால் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி