பையனையும் உட்காரவைத்துப் பேசியவர்களுக்கு நன்றி

சுங்கை சிப்புட் பங்கு உறவுகளுக்கும், எங்கள் பழைய தோட்ட லயத்து வீடுகளின் அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

எங்கள் மகளும் மகனும் இந்த ஆண்டு சேர்ந்தே, திருமுழுக்கு பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதல் பெற்றார்கள். அன்று வந்து வாழ்த்தியவர்களுக்கும் விருந்து சமைத்தவர்களுக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டோம். இந்த மடல் வேறொன்றுக்காக. கற்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர்களுக்காக. இதற்கெல்லாம் ஊரறிய நன்றி சொல்வார்களா என்று என் மாமியார் கேட்டார். சொல்லலாம் அத்தை, ஒன்றும் ஆகாது.

முதல் நன்றி மறைக்கல்வி டீச்சருக்கு. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெண் பிள்ளை பெரியவளானால் சடங்கு, தாய்மாமன் சீர், கூடவே "இனிமே பார்த்து நடந்துக்கோ". எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. பையனுக்கு அந்த ஒரு வரிகூடக் கிடையாது. மீசை அரும்பினால் மோட்டார் சாவிதான். டீச்சர் பெற்றோர் கூட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, 2337-ஆம் எண்ணிலிருந்து விளக்கினார். பாலுணர்வு கடவுள் கொடுத்தது. அது உடலோடும் உள்ளத்தோடும் இசைந்து ஒருவருக்குள் ஒன்றாகி நிற்பதுதான் கற்பு. மணமானவர், ஆகாதவர், துணையை இழந்தவர் என எல்லாருக்கும் அவரவர் நிலைக்கேற்ப அது உண்டு என்றார். "அப்போ நமக்குமா?" என்று பின்வரிசையில் ஓர் அப்பா கேட்க, எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "உங்களுக்குத்தாண்ணே முதல்ல."

பெண் பிள்ளைகளின் பாவாடை நீளத்தை மட்டுமே பேசி முடித்த கூட்டங்களிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கூட்டத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பங்குத்தந்தைக்கு இரண்டு நன்றி. "நீங்களே பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுத்துடுங்க சாமி" என்று கேட்டவர்களுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. இது முதலில் பெற்றோரின் உரிமை, கடமை என்று 1981-லேயே திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிள்ளையிடமும் அதனதன் வயதும் பக்குவமும் பார்த்துப் பேசுங்கள் என்று 1995-இல் வந்த வத்திக்கான் ஏடும் சொல்கிறது என்று விளக்கி எங்களை வீட்டுக்கு அனுப்பினார். அப்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டாவது நன்றி, புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் நடந்ததற்கு. மகள் புனித மரிய கொரற்றியின் கதையைப் படித்திருந்தாள். 1902-இல் தன்னைக் கெடுக்க வந்தவனை எதிர்த்து, கத்திக்குத்துப்பட்டு, அவனை மன்னித்துவிட்டு இறந்த 11 வயதுச் சிறுமி. "சாமி, அவன் நினைச்சதை செஞ்சிருந்தா அவ கற்பு போயிருக்குமா?" என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமியார் தயங்கவே இல்லை. போகாது என்றார். 410-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது சீரழிக்கப்பட்ட பெண்களைப் பற்றி அகுஸ்தீனார் அப்போதே எழுதிவிட்டார். மனம் இசையாதபோது பாவம் செய்தவனுடையது, கற்பு அவளிடமே இருக்கிறது என்றார். மரியா புனிதையானது உடம்பு தப்பியதால் அல்ல, அவளுடைய அன்பால் என்றும் சாமியார் சொன்னார். முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, "இதை எங்க காலத்துல யாரும் சொல்லலையே சாமி" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கிளினிக் மிஸ்ஸிக்கும், அதாவது அங்குள்ள நர்ஸுக்கும், நன்றி. மலாய்க்காரர், ஆனால் தோட்டத்துத் தமிழ் எங்களைவிடச் சரளம். உடலுறுப்புகளைச் செல்லப்பெயர் வைத்து மறைக்காமல் அதனதன் பெயரால் சொல்லுங்கள், அப்போதுதான் யாராவது தொட்டால் பிள்ளை தெளிவாகச் சொல்லும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். கைப்பேசியில் இனிக்க இனிக்கப் பேசிப் பிள்ளையை வசப்படுத்துவதும் நம் மலேசியாவில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். உதவி கேட்டு அழைக்கும் அரசாங்கத்தின் தாலியான் காசே 15999 எண் எங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நீங்களும் ஒட்டிவையுங்கள்.

கடைசியாக என் தம்பி. மகளின் சடங்குக்குச் சீர் கொண்டுவந்த அதே தாய்மாமன், மகனையும் ஆற்றங்கரைக்குத் தூண்டில் போடக் கூட்டிப்போனான். என் கணவரும் உடன் போனார். கைப்பேசியில் நண்பர்கள் குழுவில் வந்துகொண்டிருந்த ஆபாசப் படங்களைப் பற்றி அங்கேதான் பேச்சு வந்திருக்கிறது. "அந்தப் படத்துல இருக்கிறதும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்டா. பார்த்துட்டேன்னா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணு, மறுபடி எழுந்து நட. அதுக்காக உன்னையே வெறுத்துக்காதே" என்றானாம். மகன் குழுவிலிருந்து விலகினான். "சின்ன சாமியார்" என்று பள்ளியில் கேலி. இன்னும் ஓயவில்லை, அவனும் திரும்பச் சேரவில்லை. மீன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

மகனின் நண்பர்களுடைய அப்பாக்கள் சிலர், எங்கள் பையன்களிடமும் பேசுவாரா என்று தம்பியைக் கேட்டிருக்கிறார்கள். பேசுவான், ஆனால் அப்பாக்களும் கூட வரவேண்டுமாம். ஞாயிறு பூசை முடிந்து கோயில் கேண்டீனில்தான் இருப்பான். தே தாரிக் உங்கள் செலவு.

அன்புடன்,
இரு பிள்ளைகளின் அம்மா