தொடக்கப் பள்ளி விளையாட்டு வேளையில் எல்லாப் பிள்ளைகளும் பத்திரமாக விளையாட வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர்,
பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்,
முதன்மைக் கல்வி அலுவலகம்.

பொருள்: தொடக்கப் பள்ளி – விளையாட்டுப் பாடவேளை – மைதானத்தைச் சீர்செய்தல், உடற்கல்வி ஆசிரியர் வருகை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்து விளையாட வைத்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் வந்தால் எங்கள் ஊர். பள்ளியில் 47 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பிறவியிலேயே இடது காலில் பலம் குறைவு. காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் என்ற கருவியைப் போட்டு நடப்பாள். மேலாண்மைக் குழுவின் தீர்மானப்படிதான் இந்த மனுவை எழுதுகிறேன் என்றாலும், அவளைப் பெற்றவளாகவும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளைக் கூட்டிவரப் போனேன். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே 30 ஜோடிக்கு மேல் செருப்பு. எது யாருடையது என்று பார்த்துப் பார்த்து ஜோடி சேர்த்து, வகுப்பு வாரியாக வரிசை கட்டி வைத்திருந்தாள். என்னம்மா இது என்றேன். "பி.டி. பீரியடும்மா. நான்தான் செருப்புக் காவல்" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே விளையாட்டு வேளையில் அவளுக்கு அதுதான் வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆசிரியரிடம் கேட்டேன். "விழுந்து அடிபட்டால் உங்களுக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்?" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் மைதானம் கரிசல் மண். பங்குனி பிறந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். என் கையை மணிக்கட்டு வரை உள்ளே விடலாம், அவ்வளவு வெடிப்பு. போன வருஷம் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓடும்போது அதில் கால் மாட்டி, கணுக்கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தான். ஐப்பசி மழையில் அதே மண் காலைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் வழுக்கிவிடும். சுற்றிலும் சீமைக்கருவேலம், பிள்ளைகள் ஓடுவதோ வெறுங்காலில். பழைய ஊஞ்சலை அறுத்து எடுத்தபோது கம்பத்தின் அடிக்கட்டையை அப்படியே விட்டுவிட்டார்கள். தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குத் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில், இன்னொருவர் பதிவேடு எழுதிக்கொண்டிருக்க, ஒரே ஆசிரியர் 47 பிள்ளைகளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பணிக்கு வந்த பிறகு விளையாட்டுக்கென்று ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைத்ததில்லை என்றார். பயம் வந்துவிட்டால் முதலில் உட்கார வைப்பது கால் சரியில்லாத பிள்ளையைத்தான். அடுத்தது வீசிங் வரும் பையன். ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் தாங்களாகவே ஓரமாகப் போய்த் தட்டாங்கல் ஆடுகிறார்கள். கடைசியில் மைதானத்தில் மிஞ்சுவது வேகமாக ஓடத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பையன்கள். மைதானம் பத்திரமாக இல்லாததும், பிள்ளைகள் ஓரங்கட்டப்படுவதும் எனக்கு ஒரே குறையாகத்தான் தெரிகிறது.

ஒரே ஒரு நாள் வேறு மாதிரி நடந்ததைப் பார்த்தேன். வட்டார வள மையத்திலிருந்து, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர் வந்திருந்தார். எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாகத் தரையில் உட்கார வைத்துப் பந்தை உருட்டி விளையாட வைத்தார். பிறகு பழைய துணியில் புளியங்கொட்டை நிரப்பித் தைத்த சின்னப் பைகளைத் தூரத்தில் வைத்த வாளிக்குள் எறியச் சொன்னார். சுவரையும் கம்பியையும் பிடித்துப் பிடித்து நடந்து என் மகளுக்குக் கையில் நல்ல பலம். பத்துக்கு ஏழு போட்டாள். அடுத்த ஆட்டத்தில் அவளைத் தங்கள் பக்கம் சேர்க்கப் பையன்கள் சண்டை போட்டார்கள். அதற்கு அரை மணி நேரமும் ஒரு வாளியும் போதுமாக இருந்தது. அந்தப் பயிற்றுநருக்கு இன்னும் பல பள்ளிகள் பார்க்க வேண்டும்; எங்களுக்கென்று வாராவாரம் வர அவரால் முடியாது.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை எல்லாப் பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருள்களும் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதி நேரப் பயிற்றுநர் என்பதை ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்கு மட்டும், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தருகிறது. ஓடவும் எறியவும் விழாமல் நிற்கவும் உடம்பு பழகுகிற ஆறு வயது முதல் பத்து வயதுவரை எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16, மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக விளையாட்டிலும் வாய்ப்புத் தர வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் சக்கரம் ஏறிக் கால் சிதைந்தவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். பள்ளியில் அவரைத் தாண்டச் சொன்னவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். என் மகளுக்குப் பதக்கம் வேண்டும் என்று கேட்கவில்லை ஐயா. தோழிகள் எறியும் பந்தை அவளும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்து உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் எங்கள் குறுவள மையத்துக்கு (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பு) உட்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு முறைவைத்து வந்துபோக ஆணையிடும்படி கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கு மாதம் ஒரு முறை கிடைத்தாலும் போதும். குறுவள மையக் கூட்டத்தில் அரை நாளை ஒதுக்கி, உடற்கல்வி ஆசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்து எங்கள் ஆசிரியர்களுக்குச் செய்து காட்ட வேண்டும்: ஓடும் தூரத்தைக் குறைப்பது, பெரிய மெத்துப் பந்து கொடுப்பது, பார்வை குறைந்த பிள்ளைக்குச் சலங்கை வைத்த பந்து உருட்டுவது, அடிபட்டால் முதலில் என்ன செய்வது என்பதையெல்லாம். நொண்டி விளையாட்டுக்குப் பதிலாக வேறு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. அந்தப் பேரைச் சொல்லித்தான் சில பிள்ளைகள் அவளைக் கூப்பிடுகிறார்கள்.

மைதானத்தில் செம்மண் அடித்து நிரவ ஊராட்சிக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் போதும். முள் வெட்டவும் மண் பரப்பவும் பெற்றோர் நாங்களே வருகிறோம். ஊஞ்சல் அடிக்கட்டையை மட்டும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன் கட்டாயம் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருளுக்காக ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை உண்டு. எங்களுக்கு வந்த பையில் பெரியவர்கள் ஆடும் கைப்பந்து இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளை கையில் பட்டால் சிவந்துபோகிறது. என்ன வாங்குவது என்பதை ஆசிரியரும் மேலாண்மைக் குழுவும் பேசி முடிவுசெய்ய அனுமதி வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எந்தப் பிள்ளைக்கு இருதயக் கோளாறு, எந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு என்று கண்டறிந்தால், எவ்வளவு ஓடலாம் என்பதையும் ஆசிரியருக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். மற்ற நாள்களிலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வெயிலில் விளையாட்டு வேளை வைக்காமல், வெள்ளிக்கிழமை போலக் கடைசிப் பாடவேளைக்கு மாற்ற வேண்டும்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினப் போட்டியில் என் மகள் ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாள். அதில்தான் இப்போது தின்பண்டம் கொண்டுபோகிறாள். ஆனால் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம் மட்டும்தான். மூன்று வருஷமாக அவள் பெயர் ஒரு முறையும் கூப்பிடப்படவில்லை. அடுத்த விழாவில் எறியும் போட்டியும் உருட்டும் போட்டியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைக்க அறிவுறுத்த வேண்டுகிறோம்.

மைதானத்தைத் தாங்களே நேரில் வந்து பார்வையிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளையில் வாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு

இணைப்பு: குழுத் தீர்மான நகல், மைதானத்தின் புகைப்படங்கள், பெற்றோர் கையொப்பங்கள்.