எத்தனை பூஜ்யம் போட்டாலும் முடிவிலி பக்கத்தில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்திரிகைகளில் வரும் அறிவியல் துணுக்குகளை விடாமல் படிக்கிற வாசகன் நான். பெரிய எண் ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் 1 போட்டு வரிசையாகப் பூஜ்யங்களை அடுக்கிவிடுகிறார்கள். விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனால் பாதியில் கண் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். பத்து லட்சம் வினாடி என்பது பதினொன்றரை நாள் சொச்சம். அதோடு மூன்று பூஜ்யம் சேர்த்தால் நூறு கோடி வினாடி, கிட்டத்தட்ட 32 வருஷம். இன்னும் மூன்று சேர்த்தால் லட்சம் கோடி வினாடி, 31,000 வருஷத்துக்கும் மேல்!

சரி, எண்ணுகிற சிரமமாவது பரவாயில்லை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் முடிவிலிக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது, 'முடிவிலியை நெருங்கும் எண்' என்றுகூடச் சிலர் எழுதிவிடுகிறார்கள். அப்படி ஓர் எண்ணே கிடையாது. 1 போட்டு 100 பூஜ்யம் போட்டால் அது கூகோல். நம்மால் பார்க்க முடிகிற பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களை எண்ணினால்கூட, இப்போதைய மதிப்பீட்டின்படி, சுமார் 80 பூஜ்யத்தோடு நின்றுவிடும். 1 போட்டு ஒரு கூகோல் பூஜ்யம் போட்டால் கூகோல்பிளெக்ஸ்; அணுவுக்கு ஒரு பூஜ்யம் எழுதினாலும் எழுதி முடிக்க அணுக்கள் போதாது. அந்த எண்ணிலிருந்தும் முடிவிலி, 1-லிருந்து இருப்பதைப் போலவே, எட்டாத இடத்தில்தான் இருக்கிறது.

முடிவிலியைத் தேடி அதற்கு மேலே எங்கேயும் போகவே வேண்டாம், 0-க்கும் 1-க்கும் நடுவில் பார்த்தால் போதும். 1-ஐக் கூகோலால் வகுத்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு 99 பூஜ்யமும் அப்புறம் ஒரு 1-உம் வரும். இப்படி 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதால் 1-ஐ வகுத்துக் கிடைக்கும் எண் 0-க்கும் 1-க்கும் நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கூகோல்பிளெக்ஸுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. இன்னும் எத்தனையோ காலியிடம் உண்டு என்பதுதான் வேடிக்கை: எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் கூட்டி இரண்டால் வகுத்தால் நடுவில் புதிதாக ஒன்று வந்துவிடும், அதற்கும் பக்கத்து எண்ணுக்கும் நடுவில் இன்னொன்று.

இதில் பின்னங்களையாவது ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டுவிடலாம். புள்ளிக்குப் பிறகு முடிவில்லாமல் நீளும் தசம எண்களையும் சேர்த்தால், எல்லாவற்றையும் அப்படி வரிசைப்படுத்தவே முடியாது என்று கணித அறிஞர் ஜார்ஜ் கேன்டர் 1874-இல் நிரூபித்தார். 1891-இல் அவரே தந்த இன்னொரு வழி பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும். 0-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள தசம எண்களின் முழுப் பட்டியலும் தயார் என்று யாரோ நீட்டுகிறார் என்று வையுங்கள். முதல் எண்ணில் புள்ளிக்குப் பிறகு வரும் முதல் இலக்கம் 5 என்றால் 4, இல்லாவிட்டால் 5 என்று எழுதிக்கொள்ளுங்கள், இரண்டாவது எண்ணின் இரண்டாவது இலக்கத்துக்கும் அப்படியே, இப்படியே போகட்டும். கடைசியில் கிடைக்கிற எண் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஓர் இடத்திலாவது மாறியிருக்கும், அதாவது பட்டியலில் இல்லை. முடிவிலியிலும் பெரிசு சிறிசு உண்டு என்று ஆகிவிட்டதா?

பூஜ்யங்களை அடுக்கும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'இத்தனை பூஜ்யம்' என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். மாணவர் பக்கத்தில் என்றைக்காவது கால் பக்கம் காலியானால் கேன்டரின் அந்தப் பட்டியலை ஒரு படத்தோடு அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்