விங்சூட் தைத்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கூடாரம், மலையேற்றப் பை, லாரித் தார்ப்பாய், பைக் ஓட்டுபவர்களுக்கான மேலங்கி என்று நைலானிலும் கேன்வாஸிலும் நாங்கள் செய்யும் வேலையை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் பலரும் அறிவீர்கள். சில காலமாகப் புதிய கோரிக்கை ஒன்று வருகிறது. கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இதைத் தைத்துத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். கைகளுக்கும் விலாவுக்கும் நடுவே துணி, இரண்டு கால்களுக்கும் நடுவே துணி. மலை முகட்டை ஒட்டி ஒருவர் பறந்து போகிறார். அவர் அணிந்திருக்கும் அந்த உடைக்குத்தான் விங்சூட் என்று பெயர். காட்பாடிப் பக்கம் படிக்கும் மாணவர்கள் கேட்டார்கள். ஆம்பூரிலிருந்து வந்த ஒருவர் முன்பணத்தையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார்.

எங்கள் பதில் ஒன்றுதான்: விங்சூட்டைத் தைக்க மாட்டோம், பிரித்துத் திருத்தவும் மாட்டோம். ஆசையோடு வருகிறவரைக் கடை வாசலிலேயே இரண்டு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்புவது மரியாதையாகாது. ஆகவே காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

வெளிநாட்டில் முறையாகக் குதிக்கக் கற்ற வாடிக்கையாளர் ஒருவர், ஜிப் பல் உடைந்த தம் பழைய விங்சூட்டை எங்களிடம் கொண்டுவந்தார். வெட்டு மேசைமேல் விரித்துப் பார்த்தோம். வீடியோவில் ஒற்றைத் துணியாகத் தெரிந்தது, நேரில் இரண்டு அடுக்கு. மேலடுக்கையும் கீழடுக்கையும் உள்ளே வரிசையாக நிற்கும் தடுப்புத் துணிகள் பிணைக்கின்றன. இறக்கையின் முன்பகுதியில் காற்று புகும் வாய்கள் இருக்கின்றன. வேகம் கூடியதும் அவற்றின் வழியே காற்று உள்ளே போய் அடைபட, கல்யாணப் பந்தலின் துணி ஆடிக் காற்றில் உப்புவதைப் போல இறக்கை உப்பி விறைத்துக்கொள்கிறது. அந்த உப்பலுக்குச் சரியான வளைவு வேண்டும். தடுப்புத் துணி ஒவ்வொன்றின் வெட்டிலும்தான் அந்த வளைவு ஒளிந்திருக்கிறது. கை ஓரத்தின் விளிம்பு மடங்காதிருக்க உள்ளே விறைப்பான பொருள் வைத்துத் தைத்திருந்தார்கள். இடது இறக்கையையும் வலது இறக்கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். ஓரங்கள் இம்மி பிசகாமல் பொருந்தின. அப்படிப் பொருந்தாத விங்சூட் அணிந்தவரை ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் மேசையைச் சுற்றி நின்று தையலை வியந்துகொண்டிருந்த நேரத்தில், பை வாங்க வந்திருந்த கம்மவான்பேட்டைப் பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். ராணுவத்தில் பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர். அவர் துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதைப் போட்டுக்கொண்டால் கைப்பிடி எல்லாம் எட்டுமா?" என்றுதான் கேட்டார்.

வீடியோ பார்த்துவிட்டு வரும் யாரும் அதைக் கேட்பதில்லை. விங்சூட்டில் பறப்பவரும் கடைசியில் பாராசூட்டைத் திறந்துதான் தரையிறங்க வேண்டும். பாராசூட் மாட்டியிருப்பவரின் உடம்பில் மூன்று கைப்பிடிகள் முக்கியமானவை. முதுகுப் பையின் அடியில், வலது புறம் இருப்பது முதன்மைப் பாராசூட்டைத் திறப்பதற்கு. மார்பின் வலப்பக்கம் இருப்பது, கோளாறாகத் திறந்த முதன்மைப் பாராசூட்டைக் கழற்றி விடுவதற்கு. இடப்பக்கம் இருப்பது, ஆபத்துக்கு உதவும் இரண்டாவது பாராசூட்டான ரிசர்வ் பாராசூட்டுக்கு. விங்சூட்டை பாராசூட்டின் பட்டைகளோடு கோத்து அணியும்போது இந்த மூன்றும் துணிக்கு வெளியே, கைக்கு எட்டும்படி, மறைவில்லாமல் இருக்க வேண்டும். ஒரு மடிப்பு தவறான இடத்தில் விழுந்து கைப்பிடியை மூடினாலும் போதும், மற்றத் தையல் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. உங்கள் அளவு எங்களிடம் இருக்கிறது. நீங்கள் மாட்டப்போகும் பாராசூட்டையும், அதை மாட்டிக்கொண்டு நீங்கள் கை நீட்டும் தூரத்தையும் நாங்கள் எங்கே போய் அளப்பது?

சரி, இதை அணிந்தால் என்னதான் நடக்கிறது? சாதாரணமாக வயிறு கீழாக விழுகிறவர் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறார். விங்சூட் அணிந்தவர் நன்றாகப் பறந்தால் இறங்கும் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும். முன்னோக்கிய வேகம் 150, 200 என்று போகும். கீழே ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னே இரண்டரை மீட்டர் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். 4,000 மீட்டர் உயரத்தில் விமானத்தை விட்டு, 1,500 மீட்டரில் பாராசூட்டைத் திறந்தால், இடையே கிடைக்கும் தூரம் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். வேலூர்க் கோட்டையில் புறப்பட்டுப் பாலாற்றைத் தாண்டிக் காட்பாடி ரயில் நிலையத்தை நெருங்குகிற தொலைவு. ஐம்பது நொடியில் முடிந்துபோகும் வீழ்ச்சி இரண்டு நிமிடத்தை எட்டும் பயணமாகிறது. கேட்கவே மனம் துள்ளுகிறது, மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பயணம் விமானத்தின் கதவிலிருந்தே கவனம் கேட்கிறது. வெளியே வந்ததும் இறக்கையை விரிக்கக் கூடாது. விரித்தால் காற்று உங்களை மேலே தூக்கும். பின்னாலேயே விமானத்தின் வால் வருகிறது. அது கடந்து போகும்வரை கைகளை உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் விரிப்பு. புதியவர்கள் கைகளை முழு பலத்தோடு விறைத்து நீட்டுகிறார்கள். தோள் களைத்து, உடல் நடுங்கத் தொடங்கும். தோளைச் சற்று முன்னே உருட்டி, காலை நீட்டி, பாத நுனியைப் பின்னோக்கிக் கூர்த்து, உடம்பைத் தளர்வாக வைத்திருப்பவருக்குத் துணியே வேலையைச் செய்து தருகிறது. திரும்புவதற்குத் தோளையோ இடுப்பையோ லேசாகச் சாய்த்தால் போதும். தூரம் கிடைக்கும் என்று நினைத்து உடம்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்தால் வேகம் செத்து, பறத்தல் மறுபடி விழுதலாகிவிடும். சற்றே தலை தாழ்ந்த நிலையில் வேகத்தைக் காப்பதுதான் பழகியவர்களின் வழி. துணிப் பரப்பு பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு சிறு தவறும் பெரிதாகத் தெரியும். அதனால்தான் தொடக்கக்காரர்களுக்குச் சிறிய இறக்கை கொண்ட விங்சூட்டுகள் தனியாக இருக்கின்றன. "எடுக்கிறதே எடுக்கிறோம், பெரிதாகவே எடுத்துவிடலாம்" என்ற கணக்கு இங்கே உயிருக்கு ஆபத்து. உடல் ஒருபக்கம் சாய்ந்து தட்டையாகச் சுழலத் தொடங்கினால், கை கால்களை மடக்கி இறக்கைகளைச் சுருக்கிச் சுழற்சியை அடக்க வேண்டும். முன்பே முடிவு செய்த உயரம் வந்தும் அடங்காவிட்டால் அதற்குமேல் போராடாமல் பாராசூட்டைத் திறக்க வேண்டும்.

பறப்பதைவிடக் கடினமான வேலை பாராசூட் திறப்பது. கைகள் இறக்கைக்குள் இருக்கின்றன. இரண்டு கைகளையும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் பின்னால் கொண்டுவந்து, காலையும் சேர்த்து, இறக்கைகளைச் சமமாக மூட வேண்டும். வலது கை முதுகுப் பையின் அடியைத் துழாவிக் கைப்பிடியைப் பிடித்து, அதோடு இணைந்த சிறு குடையைப் பக்கவாட்டில் வலுவாக வீச வேண்டும். அந்தச் சிறு குடை காற்றைப் பிடித்துத்தான் முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுக்கிறது. ஒரு கை மட்டும் பின்னால் போனால் உடம்பு சாய்ந்துவிடும். திறக்கும் பாராசூட்டின் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விரிந்த இறக்கைக்குப் பின்னால், முதுகுப் பக்கம், ஓடாத காற்றின் பெரிய பள்ளம் ஒன்று உருவாகிறது. சிறு குடை அந்தப் பள்ளத்தில் விழுந்தால் காற்றைப் பிடிக்காமல் முதுகின் மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும். விங்சூட் அணிபவர்கள் வழக்கத்தைவிடப் பெரிய சிறு குடையும், அதை முதன்மைப் பாராசூட்டோடு இணைக்கும் நீளமான பட்டையும் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். முதன்மைப் பாராசூட்டும் நிதானமாகத் திறக்கும், அடக்கமான வகையாக இருக்க வேண்டும். வேகமாகத் திரும்பும் சிறிய பாராசூட்டுகள் இதற்கு ஆகாது. முதல் விங்சூட் குதிப்புகளில் 5,000 அடிக்கு மேலேயே திறக்கச் சொல்வார்கள். போகிற வழியிலேயே கைப்பிடியை வெறுமனே தொட்டுப் பழகுவது அந்தப் பயிற்சியின் முக்கியப் பகுதி.

"தானாகத் திறக்கும் கருவிதான் இருக்கிறதே" என்று ஒரு தம்பி கேட்டார். இருக்கிறது. 1991-இல் ஜெர்மனியிலிருந்து வந்த சைப்ரஸ் என்ற கருவி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள். பழகியவர்களுக்கான வழக்கமான அமைப்பில், தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் நீங்கள் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகமாக விழுந்துகொண்டிருந்தால் அது ரிசர்வ் பாராசூட்டைத் திறக்கிறது. விங்சூட்டில் நன்றாகப் பறப்பவர் இறங்குவதோ நொடிக்கு 22 மீட்டர் அளவில். கருவி அவரை ஆபத்தில் இருப்பவராகவே எண்ணாது. மயங்கிப்போனவர் விரித்த இறக்கையோடு தரையை நெருங்கினாலும் அது வாளாவிருக்கக்கூடும். மணிக்கட்டில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும், உயரம் குறைவதைக் காதில் ஒலித்துச் சொல்லும் கருவியும், அவற்றைக் கவனிக்கும் பழக்கமும் அதனால்தான் தேவை.

எங்கள் தொழிலோடு தொடர்புள்ள இரண்டு வரலாறுகளை இங்கே சொல்லியாக வேண்டும். பாரிஸில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர் இருந்தார். பாராசூட்டாக விரியும் அங்கி ஒன்றைத் தாமே வடிவமைத்துத் தைத்து, 1912 பிப்ரவரி 4 அன்று ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். 57 மீட்டர். அங்கி விரியவில்லை, அங்கேயே இறந்தார். அடுத்தவர் பாட்ரிக் தெ கயார்தோன். இன்றைய விங்சூட்டுக்கு வழி திறந்த பிரெஞ்சுக்காரர். தாமே அணிந்து, தாமே சோதித்து, தாமே திருத்தியவர். 1998 ஏப்ரல் 13 அன்று ஹவாயில் குதித்தபோது உயிரிழந்தார். தம் பாராசூட் பையில் அவர் செய்துகொண்ட ஒரு மாற்றத்தில் நேர்ந்த பிழையே காரணம். அவர் இறக்கை அவரைக் கைவிடவில்லை. அவ்வளவு அனுபவசாலியின் பையில் ஒரு மாற்றம் உயிரைக் குடித்தது என்றால், வானத்தில் ஒருமுறைகூடக் குதிக்காத நாங்கள் எந்தத் துணிவில் ஊசியை எடுப்பது? மறு ஆண்டே ஃபின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் சேர்ந்து பேர்ட்மேன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பொதுமக்கள் வாங்கக்கூடிய விங்சூட்டுகளையும் அதற்கான பயிற்சியையும் கொண்டுவந்தார்கள். துணியும் பயிற்சியும் சேர்ந்தே வந்தன என்பதைக் கவனியுங்கள்.

ஏலகிரியில் பாராகிளைடிங் செய்கிறார்களே, அங்கிருந்து விங்சூட்டில் குதிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடவே கூடாது. பாராகிளைடர், சரிவில் நான்கைந்து எட்டு ஓடும்போதே தலைக்கு மேல் விரிந்து தூக்கிவிடும்; வெயிலில் எழும் வெப்பக் காற்றில் உயரவும் செய்யும். விங்சூட்டுக்குப் பறக்க முதலில் வேகம் வேண்டும். அந்த வேகம் விழுந்துதான் கிடைக்கும். முதல் சில நொடிகள் வெறும் வீழ்ச்சிதான். ஏலகிரியின் மரம் அடர்ந்த சரிவில் அந்த நொடிகளுக்கு இடமில்லை. வீடியோவில் நீங்கள் பார்க்கும் மலை முகட்டுக் குதிப்பு வேறு வகை. செங்குத்தான பாறைகளிலிருந்து, ரிசர்வ் பாராசூட் இல்லாமல், ஒற்றைப் பாராசூட்டோடு செய்வது. விங்சூட்டில் மிகத் தேர்ந்தவர்களே அதில் இறந்துபோயிருக்கிறார்கள். இங்கிலாந்தில் கேரி கானரி 2012 மே மாதம் பாராசூட்டைத் திறக்காமலே தரையிறங்கியதையும் காட்டுகிறார்கள். அவருக்குக் கீழே 18,000-க்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்; அவர் திரைப்படச் சண்டைக் காட்சிகளில் பணியாற்றிய தொழில்முறைக் கலைஞர்.

உண்மையாகவே பறக்க விரும்புகிறவர்களுக்குப் பாதை இருக்கிறது, நீளமானது. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, விங்சூட் அணிய, விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங்குக்கான உரிமமும் குறைந்தது 200 குதிப்புகளும் வேண்டும். முதலில் பயிற்சியாளரோடு பிணைந்து குதிக்கும் டேண்டம். பிடித்திருந்தால் தனியாகக் குதிக்கும் பயிற்சி, உரிமம், பிறகு ஆண்டுக்கணக்கில் குதித்துக் குதித்துக் கை பழகுவது. அதற்கும் பிறகு விங்சூட் பயிற்சியாளரோடு முதல் பயணம். ஹரியானாவின் நார்னவுல் பக்கம் டேண்டம் நடக்கிறது; உரிமம்வரை போக விரும்பும் நம்மவர்கள் பெரும்பாலும் தாய்லாந்து, துபாய் என்று போகிறார்கள். பணம் நிறையச் செலவாகும். முன்பணம் நீட்டிய ஆம்பூர் நண்பருக்கு, அந்தப் பணத்தை ஒரு டேண்டம் குதிப்புக்குச் செலவிடுங்கள் என்றுதான் சொன்னோம்.

பழைய விங்சூட்டை இணையத்தில் வாங்கி, "கொஞ்சம் பிடித்துத் தந்தால் போதும்" என்று கொண்டுவருபவர்களுக்கும் இதே பதில்தான். ஜிப் உட்பட எந்தத் திருத்தத்தையும் தயாரித்த நிறுவனத்துக்கே அனுப்புங்கள். பாராசூட், அதன் பட்டை, பை எதிலும் எங்கள் ஊசி படாது. அது, பாராசூட்டை மடித்துப் பழுது பார்க்க உரிமம் பெற்ற ரிக்கரின் வேலை.

நாங்கள் செய்து தரக்கூடியவை: பாராசூட்டை வைத்து எடுத்துச் செல்லும் வெளிப்பை, ஹெல்மெட் உறை, விங்சூட்டை மடிக்காமல் சுருட்டி வைக்கும் நீளப் பை, பாராசூட் மடிப்பதற்குத் தரையில் விரிக்கும் விரிப்பு. பைக்கு அளவு கொடுக்க வரும்போது பாராசூட்டைத் தூக்கி வர வேண்டாம். நீளம், அகலம், உயரத்தை எழுதி வந்தால் போதும். நைலானுக்கு வெயில் எதிரி. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே வெளிப்பைகளுக்கு உள்ளே கறுப்புத் துணி அடுக்கு ஒன்று வைத்துத் தைக்கிறோம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் பையைக் காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

அன்புடன்,
தையலகத்தார்,
வேலூர்.