உப்பை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

நெடுந்தூர சைக்கிள் பயணக் கட்டுரையில் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அது போதாது. அமெரிக்காவின் நெவாடாவில், 50-ஆம் எண் நெடுஞ்சாலையில், ஆஸ்டினிலிருந்து யுரேகா வரை மிதித்தவன் நான். சுமார் 110 கிலோமீட்டர். நடுவில் கடை கண்ணி எதுவும் கிடையாது. அந்த மேட்டுப் பாலைவனக் காற்றில் வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். இழந்த உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரையே மடக்கு மடக்கென்று குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலை கிறுகிறுக்கும், குமட்டும். வெயில்தான் காரணம் என்று இன்னும் தண்ணீர் குடிப்போம், வம்பு முற்றும். எதிர்காற்றைப் பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியது சரி. உப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

– ஒரு சைக்கிள் வாசகர்